கேக்கில் ஒட்ட வேண்டியவை

துபாயிலிருந்து லீவில் வந்திருந்த கணவன் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். மைமூன் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:

"மச்சான், மெழுகுவத்தி வாங்க பெரம்பலூர் போறேன். நம்ம புள்ள அஃப்ரின் பொறந்தநாள் கேக்குக்கு வெண்ணெய் கிரீம் பூசி ஃபிரிட்ஜுல வச்சிருக்கேன். நீங்க கொண்டாந்த சர்க்கரை மாவைத் தேச்சு அவ வெட்டுன பூ, நீங்க வெட்டுன பிளேன் எல்லாம் தட்டுல காயுது. எதையும் இப்பவே கேக்குல ஒட்டிடாதீங்க. ஈரத்துல இளகிடும். சால்னா அடுப்பு மேல இருக்கு."

வீட்டைப் பூட்டியவள், மறுபடி திறந்து செருப்போடு உள்ளே வந்து ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"ஞாயித்துக்கிழமையே திரும்பிப் போக டிக்கெட் போட்டிருக்கீங்க. சட்டைப் பையில பாத்துட்டேன். புள்ளகிட்ட நீங்களே சொல்லுங்க."

பஸ் ஹாரன் கேட்டது. வாசல்வரை போய் மறுபடியும் திரும்பினாள்.

"தட்டுல பிளேனைத் தேடாதீங்க. நான் தின்னுட்டேன்."