புதன்கிழமை ஓட்டம் என்னுடையது

என் வாண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அப்பா சுகம், வெயில் எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம். உன் சுகத்தை மட்டும் நான் அப்பாவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அவரும் தினம் காலையில் ஒரு மணி நேரம் உன்னோடு போனில் இருந்துவிட்டு வந்து, நனைந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே, நல்லா இருக்கா என்று இரண்டே வார்த்தை சொல்லுவார், மூன்றாவது வார்த்தைக்கு அவரிடம் லஞ்சம் கொடுக்க வேண்டும் போல. போன் இருக்கும்போது எதற்கும்மா கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் சொன்னால் நீ சரிம்மா, சரிம்மா என்று நடுவிலேயே வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். எனக்கு வயிற்றெரிச்சல். நன்றாகக் கொழுந்துவிட்டு எரிகிற வயிற்றெரிச்சல். வேறு யார் மேலும் இல்லை, உன்னைப் பெற்ற அந்த மகானுபாவர் மேல்தான்.

தெருமுனைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கக்கூட வண்டியை எடுக்கிற மனுஷன் அவர். நாள் முழுக்க அந்தச் சின்னப் பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்து யார் யாருக்கோ பல் செட் ராவிக்கொண்டிருப்பவர், வீட்டுக்கு வந்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, அந்த ரிமோட்டைக் கொஞ்சம் எடேன் என்பவர். அவர் திடீரென்று ஒரு நாள் விடியற்காலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஓடக் கிளம்பினார். அதுவும் எப்போது, நல்ல குளிர் காலத்தில் இல்லை, ஊரே நிழல் தேடி ஒதுங்குகிற இந்த வெயில் ஆரம்பத்தில். எதிர் வரிசை இஸ்திரிக் கடைக்காரர் என்னைப் பார்த்து, என்னம்மா, சாரை யாராவது தொரத்தறாங்களா என்று கேட்டார். சட்டைப் பையில் போன், காதில் ஒயர், முகத்தில் ஒரு ரகசியச் சிரிப்பு. என் புத்தி எங்கே போகும் சொல்லு. இத்தனை வருஷம் கழித்து இந்த வழுக்கைத் தலையோடு காலங்கார்த்தாலே யாருடி பேசுகிறாள் என்று இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தால் உன் பெயர். அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா மத்தியானம் வரைக்கும்தான் தாங்கியது, அதற்கப்புறம்தான் அடிவயிற்றில் பற்றிக்கொண்டது. வேறு ஒருத்தியாக இருந்திருந்தால் தெருவில் இறங்கிச் சண்டையாவது போட்டிருப்பேன், சொந்த மகளோடு எந்தத் தெருவில் போய்ச் சண்டை போடுவது?

எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள், வீடியோவில் அரை மணி. அவருக்குத் தினமும், ஒரு மணி. இது என்ன நியாயம்? நான் பஸ் நிலையத்தில் அந்த விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, இந்த வண்டி எப்போ வரும், அந்த வண்டி ஏன் வரலை என்று ஊரார் கேட்கிற கேள்விக்கெல்லாம் நாள் முழுக்கப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன், வாரத்தில் ஒரு நாள் நானும் நாலு கேள்வி கேட்கக் கூடாதா? ஆனால் நீ எனக்குச் சொல்லுகிற பதில் நான் ஜன்னலில் சொல்லுகிற பதில் மாதிரியே இருக்கிறது. சாப்பிட்டேன், தூங்கினேன், வேலை இருக்கு, வைக்கட்டுமா. உன்னோடு அறையில் இருந்த பெண் காலி செய்து போய்விட்டாள் என்பதே எனக்கு உன் சித்தி சொல்லித்தான் தெரியும், சித்திக்கு அப்பா சொல்லியிருக்கிறார், கட்டின பெண்டாட்டிக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சித்தி வேறு, ஏன் அக்கா, உனக்குத் தெரியாதா என்று ஒரு இழுவை இழுத்தாள். தெரியுமே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்து, பாத்திரங்களை எல்லாம் சத்தம் வருகிற மாதிரி கழுவினேன்.

இதற்குள் வெயில் ஏறிப் போயிற்று. ராத்திரி சுவரைத் தொட்டால் சுடுகிறது, குழாயில் வருகிற தண்ணீரில் நேராக டீத்தூள் போடலாம். சரி, மனுஷன் தானாக அடங்கிவிடுவார், நாமும் கொஞ்சம் அக்கறை போலக் காட்டிக்கொள்ளலாம் என்று, இந்த வெயிலில எதுக்குங்க, உடம்பு என்னத்துக்காகும் என்று தேனாகப் பேசினேன். அக்கறை கால்வாசி, பொறாமை முக்கால்வாசி, உன்னிடம் என்ன ஒளிக்க. அவர் கிளம்புகிற நேரம் பார்த்து ஆவி பறக்க டீ போட்டு, செய்தித்தாளை விரித்துப் பக்கத்தில் வைத்தேன். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தேன், அதையும் அனுபவித்துவிட்டுப் போய்விட்டார். எருமை மேல் மழை பெய்த கதைதான். வெயில் ஏற ஏற அவர் இன்னும் முன்னால் எழுந்தார், தொப்பியை நனைத்துப் போட்டுக்கொண்டார், ராத்திரியே ஷூவை வாசற்படியில் எடுத்து வைத்துவிடுவார், காலையில அது என்னைப் பாக்குதுடி, போகாம இருக்க முடியலை என்பார். முடியாத அன்றைக்கு என்ன செய்வீர்கள் என்று குத்தலாகக் கேட்டேன். அடுத்த விளக்குக் கம்பம் வரைக்கும் போறேன்னு மட்டும்தான் நினைச்சுக்குவேன், அங்க போனதும் அதுக்கடுத்த கம்பம் என்றார். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், நம் வீட்டு அம்மி ஓடவே ஆரம்பித்துவிட்டது. மகளுக்கென்றால் மனுஷன் நெருப்பில்கூட ஓடுவார், எனக்காக ஒரு தடவை மாடிப்படி ஏறியிருப்பாரா?

போன மாதக் கடைசியில் ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அப்படி என்னதான் பேசுகிறார்கள் அப்பாவும் மகளும், கேட்டே தீர்வது என்று, பால் வாங்கப் போகிற மாதிரி பையும் குடையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அன்றைக்கு விடியும்போதே காற்று செத்துக் கிடந்தது. இஸ்திரிக் கடை தாண்டி நான் திரும்பினால், அவர் ஓடவில்லை, அடுத்த வீட்டுப் படியில் ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பயப்படாதே, இப்போது நன்றாக இருக்கிறார், சூடு தாங்காமல் வந்த கிறுகிறுப்பு, டாக்டரும் அதைத்தான் சொன்னார். இஸ்திரிக் கடைக்காரர் ஈரத்துணியைத் தலையில் வைத்துத் தண்ணீர் கொடுத்தார், அதைக் குடித்துத் தெளிந்ததும் உன் அப்பா செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, காதில் இருந்ததை உருவி, உட்காரும்போதே விரலால் பொத்தியிருந்த அந்த ஒயர் மைக்கை அப்படியே பொத்தியபடி, என் கையில் திணித்து, நீ இதை மாட்டிக்கிட்டு ஓடு, சத்தம் நின்னா அவ பயந்துடுவா, வாயைத் திறக்காதே என்றார். நான் திட்ட வாயெடுத்தேன். ஓடுடி என்றார், கண்ணில் அப்படி ஒரு கெஞ்சல். சாரை நான் பாத்துக்கறேம்மா, நீங்க போங்க என்று இஸ்திரிக் கடைக்காரரும் சொன்னார். குடையைக் கீழே போட்டுவிட்டுக் காதில் மாட்டினேன். அப்பா, ஏன் நின்னுட்டீங்க, மூச்சே கேக்கலையே என்று உன் குரல்.

ஓடினேன் வாண்டு. வீட்டுச் செருப்போடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பால் பை ஒரு கையில் ஆட, பள்ளிக்கூட மதில் ஓரமாக ஓடினேன். எத்தனை வருஷமாயிற்று நான் ஓடி, கடைசியாக ஓடியது நீ நடை பழகி வாசலைத் தாண்டியபோதாக இருக்கும். நீ பேசப் போகிறாய், எல்லாவற்றையும் கேட்டுவிடலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓடினால் நீ பேசவே இல்லை. ஒரு கம்பம், இரண்டு கம்பம், மூன்றாவது கம்பம், நீ சும்மா கேட்டுக்கொண்டே இருந்தாய். இதற்கா நான் இத்தனை நாள் எரிந்தேன், இங்கே பேச்சே கிடையாதே என்று நினைத்தேன். அப்புறம் இன்னும் அதிகமாக எரிந்தது. என்னோடு போனில் இருக்கும்போது பேச்சு அரை நிமிஷம் நின்றால் போதும், உடனே வைக்கட்டுமா என்பாயே. அந்த எரிச்சலில் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நீ சொன்னாய். இன்னிக்குக் கட்டு இல்லாம காலை மடக்கிப் பாத்தேன்பா, முட்டி கொஞ்சம் மடங்குது, இன்னும் கொஞ்ச நாளில ஊன்றுகோலை விட்டுடலாம்னு டாக்டர் சொல்லிட்டார் என்று.

நான் நின்றிருக்க வேண்டும். கத்தியிருக்க வேண்டும். எந்த முட்டி, எப்போது, யார் பார்த்துக்கொள்கிறார்கள், எப்படிக் குளிக்கிறாய் என்று என் வாயில் ஆயிரம் கேள்வி வந்து முட்டியது. எப்படி அடக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை, அடுத்த கம்பத்தை மட்டும் பார்த்தேன், அங்கே போனதும் அதற்கடுத்ததை. கண்ணில் வழிந்தது வியர்வையா என்னவென்று பார்க்க நேரமில்லை. திரும்பி வரும்போது நீ, இன்னிக்கு ரொம்ப நல்லா இருக்குப்பா, சின்னச் சின்னதா அடி வைக்கறீங்க, அப்படியே நான் ஓடற மாதிரி இருக்கு என்றாய். ஏண்டி, இருக்காதா?

வீட்டுக்கு வந்ததும் அவரைப் படுக்கவைத்து, உப்பும் சர்க்கரையும் போட்டு எலுமிச்சைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் பிடித்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறீர்கள் இரண்டு பேரும். நீ அந்த ஊர் மழையில் படிக்கட்டில் வழுக்கி விழுந்தது, முட்டியில் கத்தி வைத்தது, தினமும் ஓடின கால் கட்டிலில் கிடக்கிறதே என்று நீ அவரிடம் உடைந்துபோனது, அழாதே, நீ எழுந்து ஓடற வரைக்கும் உனக்குப் பதிலா நான் ஓடறேன், நீ கேட்டுக்கிட்டு இரு என்று அவர் சொன்னது, எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். எனக்குத் தெரியாதே. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எப்போதும் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருக்கிறாய் என்று, பொம்பளைப் பிள்ளை இப்படியா சோம்பிக் கிடக்கும், எழுந்து வீட்டைப் பெருக்கு என்று திட்டினேனே, நீயும் சரிம்மா என்றாயே. அதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்கவில்லை. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீ கேக்கற கேள்வியில அவளுக்கு இன்னொரு முட்டியும் போயிடும் என்று சிரித்து மழுப்பினார். நாலு நாள் கழித்து, நான் கேட்காதபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், உன் குரலைக் கேட்டுக்கிட்டே இதைச் சொன்னா அழுதுடுவேன்னு அவதான் சொன்னா, அதான் என்று.

அழேன். அழுதால் என்ன? ஓடுவதற்கு அப்பா இருக்கிறார் என்றால், அழுவதற்கு நான் இல்லையா? பெற்ற மனம் பித்து என்பது சரிதான், உன் சந்தோஷத்தை எல்லாம் அவரே வைத்துக்கொள்ளட்டும், நான் பங்கு கேட்கவில்லை, உன் வலியையும் முழுசாக அவருக்கே எழுதிவைத்துவிட்டாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்குத் தெரிந்ததாக வாய் திறந்து காட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன், அதனால்தான் வாயைத் திறக்காமல் எழுதுகிறேன். இரண்டு ஞாயிறாக நான் உன்னை எழுந்து பெருக்கச் சொல்லவில்லை, கவனித்தாயா? அந்த அரை மணி நேரம் நான் பட்ட பாடு அந்த வெயிலில் ஓடினதைவிடப் பெரிது.

இப்போது அவர் இருட்டு பிரிவதற்கு முன்பே போய்விட்டு வருகிறார், டாக்டர் சொன்னபடி தண்ணீர் பாட்டிலும் எடுத்துப் போகிறார், பாட்டிலை நிரப்புவது நான். அவர் வந்த பிறகு அதே ஷூவை, முன்னால் கொஞ்சம் துணி அடைத்து, நானும் போட்டுக்கொண்டு மதில் வரைக்கும் ஓடிவிட்டு வருகிறேன். முதல் நாள் இரண்டு கம்பம், அதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. சித்தி உனக்கு ஏன் அக்கா இந்த வேலை என்கிறாள். இஸ்திரிக் கடைக்காரர் இப்போது ஒன்றும் கேட்பதில்லை, நான் வரும்போது கடை வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிடுகிறார். போகவே வேண்டாம் என்று தோன்றுகிற அன்றைக்கு, அவர் மாதிரி ஷூவைப் பார்ப்பதில்லை நான், ஓடிவிட்டு வந்து மறுபடி படுத்துத் தூங்குகிற உன் அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன். உடனே கால் தானாகக் கிளம்பும்.

ஆகையால் இதுதான் என் ஏற்பாடு. புதன்கிழமை எனக்கு மத்தியான டியூட்டி, காலையில் அவசரம் இல்லை. இனிமேல் புதன்கிழமை ஓட்டம் என்னுடையது. அவர் போன், அவர் ஷூ, ஆனால் மூச்சு என் மூச்சு. அன்றைக்குப் போல வாயைத் திறக்காமல் ஓடுகிறேன் என்று சொல்லி அவரிடம் போனை வாங்கிக்கொள்கிறேன். நான் ஒன்றும் கேட்க மாட்டேன், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்க மாட்டேன், ஓடுகிறவளுக்குக் கேட்க மூச்சும் இருக்காது. நீ பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. அழுகை வந்தால் அழு, நான் நிற்க மாட்டேன், அடுத்த கம்பத்துக்குப் போய்க்கொண்டேதான் இருப்பேன்.

ஊன்றுகோலை அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதே, ஆனைக்கும் அடி சறுக்கும், படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. எல்லா வலியும் விட்டு, உன் இரண்டு காலும் பழையபடி உன் சொல் கேட்டு, நீ நூறு வருஷம் ஓடு கண்ணு. இந்தக் கடிதத்தைப் பற்றி அப்பாவிடம் சொல்லாதே, அந்த ஒரு ரகசியமாவது நமக்குள் இருக்கட்டும்.

உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடின,
அம்மா

பின்குறிப்பு: அன்றைக்குச் சின்னச் சின்னதாக அடி வைத்து ஓடியது அப்பா இல்லை, நான். ரொம்ப நல்லா இருக்கு என்று சொன்னாயே, அதை வருகிற புதன்கிழமை இன்னொரு தடவை, ஆள் தெரிந்து சொல்லு.