தெற்கு மாமரத்தடியில் பயறு

ஜூன் 8
மாமரத்தடியில் பயறு போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சுகுணேட்டன் அடம் பிடிக்கிறார். பின்வாசலிலிருந்து அதுவரைக்கும்தான் அவரால் நடக்க முடிகிறது. ஆஸ்பத்திரியில் போன மாதமே கையை விரித்துவிட்டார்கள்.

“அந்த நிழல்ல என்ன முளைக்கும்? மரத்த வெட்டிடலாம்” என்றேன். பயறுக்காக அல்ல. இந்த வீட்டில் யார் இறந்தாலும் தெற்குப் பக்கத்து மாமரம் ஒன்றை வெட்டி, வீட்டு மண்ணிலேயே சிதை அடுக்குவார்கள். இந்த மரம் காத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சிரிக்கிறார். “இப்பவே வெட்டிட்டா என்னை ரப்பர் விறகுலயா வைக்கப் போற?”

என்ன மனுஷன்!

ஜூன் 10
கிருஷிபவன் விவசாய ஆபீஸ் ஷைனி மேடம் ஒரு பாக்கெட் கறுப்புப் பொடி கொடுத்தார். உள்ளே இருப்பது உயிருள்ள நுண்ணுயிர்களாம். வேரில் முடிச்சு முடிச்சாகக் குடியேறி, காற்றிலிருந்து சத்தை எடுத்துச் செடிக்கு ஊட்டுமாம். “வெயில் கம்மியான இடத்துல செடி சோந்து போகும், வனஜேச்சி. இதுங்க இருந்தா கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதிசயம்லாம் எதிர்பாக்காதீங்க.”

விதையைக் கஞ்சித்தண்ணீரில் நனைத்து, பொடியில் புரட்டி, ஊன்றியாயிற்று.

ஜூலை 3
எல்லாம் மஞ்சள். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை.

ஷைனி மேடத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன் கேட்டார்: “கஞ்சித்தண்ணி நல்லா ஆறியிருந்துச்சுல்ல?”

இல்லை. வடித்த கையோடு ஊற்றினேன். சுகுணேட்டனுக்கு அன்று வாந்தி நிற்கவில்லை, ஓடி ஓடி வேலை செய்தேன். ஒரு பாக்கெட் உயிரையும் வேகவைத்துக் கொன்றிருக்கிறேன். ஏட்டனிடம் மழையில் அழுகிவிட்டது என்று சொன்னேன்.

ஜூலை 4
இன்றும் உண்மையைச் சொல்லவில்லை. இருக்கிற கொஞ்ச நாளில் இருபது நாளுக்கு மேல் வீணாக்கிவிட்டேனே — பாவி நான்.

ஜூலை 6
புதுப் பாக்கெட். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாத்திரத்தைத் தூக்கியபோது என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “இந்தத் தடவ ஆறட்டும்டீ. விரல வச்சுப் பாரு.”

தெரிந்திருக்கிறது! அடுக்களைக்குள் போய் அழுதேன்.

ஜூலை 30
நிழலிலும் இலை கரும்பச்சையாக இருக்கிறது. கொடி பந்தலைத் தொட்டுவிட்டது. ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவினேன். கடுகு கடுகாக முடிச்சுகள்! நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தமாம். அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

விரலால் உருட்டிப் பார்த்தார். “குடியிருக்கிற வீட்டுக்கு இது சோறு போடுது பாரு. என் வயித்துல இருக்கற கட்டிக்கு அந்த மரியாதை தெரியல.”

நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஆகஸ்ட் 11
காலை ஏழேகால்.

ஆகஸ்ட் 14
அன்று அவருடைய அண்ணன் பிரபாகரேட்டன் கோடாலியோடு ஆள் கூட்டி வந்தார். வெட்டாதீங்க, மின்மயானத்துக்குக் கொண்டு போங்க என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“தம்பிய அவன் மண்ணுல வைக்காம வேற எங்கடீ வைக்கறது? நீயே சொல்லு.”

மரம் சாய்ந்ததில் பந்தலில் பாதி போய்விட்டது. பச்சை விறகு, தூறல் வேறு. அவர் எரிந்து முடிய வெகுநேரம் ஆனது.

ஆகஸ்ட் 16
ஒன்றும் எழுத இல்லை.

ஆகஸ்ட் 19
சிங்க மாசம் பிறந்து மூன்று நாள். மழை விட்டுவிட்டது. மிஞ்சியது பதினொரு செடி. “இனி வெயிலுக்குப் பஞ்சமில்ல, வனஜே. நல்லா காய்க்கும்” என்று பிரபாகரேட்டன் ஆறுதலாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். நிழலிலேயே வளர்ந்த இலைகள். ஒரே நாளில் வெளுத்து, மத்தியானத்துக்குள் ஓரம் கருகத் தொடங்கிவிட்டன.

யாருக்காவது கொடுக்கலாம் என்று அவருடைய வேட்டிகளைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். மூன்றை எடுத்து வந்து, கம்பு நட்டு, செடிகளுக்கு மேலே இழுத்துக் கட்டினேன். கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. நானும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.