வானத்துக் கல்லும் டின்னில் இருந்த பேரிக்கன்றும்

பெருமாள்மலை காலனி,
கொடைக்கானல்.
11.8.2002, ஞாயிறு

அன்பு மகள் மகாராணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் உன் அம்மாவின் முழங்கால் வலியும் என் இருமலும் தவிர இங்கே ஒரு குறைவும் இல்லை, அவை இரண்டும் எங்களோடு பழகிப்போனதால் அவற்றைக் குறையில் சேர்ப்பதும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் சுகமாக இருக்கிறீர்களா என்று தெரிந்துகொள்ள இரண்டு பேரும் தபால்காரர் வரும் பாதையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். இந்த மாதம் முழுக்க மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது, துவைத்த துணி காய்வேனா என்கிறது. உங்கள் மஸ்கட்டில் கொடியில் போடுவதற்குள் காய்ந்துவிடும் என்று நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன், அந்த வெயிலில் கொஞ்சத்தை டப்பாவில் அடைத்து அனுப்பச் சொல்லுங்க என்கிறாள் உன் அம்மா. எஸ்டேட்டில் பேரிக்காய் பறிப்பு நடக்கிறது. என்னை இப்போது மரம் ஏற விடுவதில்லை, கீழே நின்று பெட்டி கட்டுகிறேன். அடிபட்ட காய் எல்லாம் நம் வீட்டுக்குத்தான் வருகிறது, உன் அம்மா அதில் ஊறுகாய் போட்டுப் பார்த்தாள், அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

நீ போன மாதக் கடைசியில் சேனாதிபதி மாமா கடைக்குப் போன் செய்தாயே, அதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்க்கிற நர்சுகள் பேப்பரைக் காட்டினார்கள், 2019 பிப்ரவரி ஒன்றாம் தேதி வானத்திலிருந்து பெரிய கல் ஒன்று வந்து பூமியில் மோதினாலும் மோதலாம் என்று போட்டிருக்கிறது என்றாய். அன்னைக்கு எம் பிள்ளைக்குப் பதினாறு வயசுதானேப்பா இருக்கும், இதுக்கா இத்தனை வருசம் தவங்கெடந்து உண்டாயிருக்கேன் என்று அழுதாய். கடையில் சீனி வாங்க வந்தவர்கள், பீடி வாங்க வந்தவர்கள் எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சாப்பிட்டியாம்மா என்று கேட்டேன், அதற்குள் லைன் போய்விட்டது. அழுகிற பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது என்று உன் அம்மா இன்றைக்கு வரை என்னைத் திட்டுகிறாள். உடனே எழுதாததற்குக் காரணம், பயப்படாதே என்று வெறுமனே எழுத எனக்குப் பிடிக்கவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் எழுதுவது என்று இருந்துவிட்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, ஒரு விஷயம் புரியவில்லை என்றால் அது என்னைத் தூங்க விடாது. கல் வருகிறது என்றால் அதை யார் பார்த்தது, எதை வைத்துப் பார்த்தார்கள், இத்தனை தூரத்தில் இருக்கிற ஒன்றுக்கு நாள் குறிக்க எப்படி முடிகிறது? இரண்டு கிலோமீட்டர் அகலம் என்று பேப்பரில் போட்டிருந்தது, அது எவ்வளவு என்று பார்க்க நான் ஒருநாள் வேலை முடிந்து ரோட்டோடு நடந்தே போனேன், நடந்து நடந்து கால்தான் வலித்தது, கல் முடிந்தபாடில்லை. இவ்வளவு பெரியது பெட்ரோல் இல்லாமல் எப்படி ஓடுகிறது என்று ஜீப் டிரைவரிடம் கேட்டேன், அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கோடை எஃப்.எம்.மில் கூடச் சொன்னார்கள், ஆனால் அடுத்ததாகப் பூண்டு விலைக்குப் போய்விட்டார்கள்.

அதற்குள் நம் காலனியில் நடந்த கூத்தைக் கேள். செய்தி வந்த இரண்டொரு நாளில் வீட்டுக்கு வீடு டிரங்குப் பெட்டியை இழுத்து வெளியே போட்டுவிட்டார்கள். நம் சேனாதிபதி மாமாவைத்தான் தெரியுமே, யாரும் ஓட்டுப் போடாமலே காலனிக்குத் தலைவராக இருக்கிறவர். அவர் கடை வாசலில் நின்று, தேதி போட்டுட்டாங்கன்னா அடுத்து லிஸ்டு போடுவாங்க, வெரசாப் போய்ப் பேரைப் பதிஞ்சவனுக்குத்தான் நல்ல எடம், கடைசியாப் போனவன் மண்டபம் கேம்பில கெடந்த மாதிரி கெடக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். ஒருத்தருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. வேறு ஊர்க்காரர்கள் என்றால் சிரித்திருப்பார்கள், இல்லை கோயிலுக்குப் போயிருப்பார்கள். நம் ஆட்களுக்கு அது வராது. சிலோனில் தேயிலை கிள்ளிக்கொண்டிருந்த எங்களுக்கு, எங்கேயோ இரண்டு நாட்டுப் பெரிய ஆட்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு, இந்தக் குடும்பம் இந்தத் தேதியில் புறப்பட வேண்டும் என்று தாள் அனுப்பினார்கள். குடும்ப அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கோச்சி ரயிலில் ஏறினோம், கப்பலில் ஏறினோம், இறங்கி மண்டபம் கேம்பில் கிடந்தோம். தேதி என்று ஒன்று வந்தால் நம் சனத்துக்குத் தெரிந்ததெல்லாம் அட்டையைத் தேடுவதுதான்.

எந்த ஆபீசில் பதிவது என்றுதான் குழப்பம். வானத்து விஷயம் என்பதால் கொடைக்கானலில் மேலே இருக்கிற அப்சர்வேட்டரிதான் அதற்கு ஆபீஸ் என்று மாமா தீர்த்துச் சொன்னார். எனக்குப் பதிவில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆனால் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு அதுதான் இடம் என்று நானும் ஏறிக்கொண்டேன். இரண்டு ஜீப்பில் வெள்ளனே கிளம்பிவிட்டோம், எல்லார் மடியிலும் பிளாஸ்டிக் கவரில் அந்தப் பழைய அட்டை. உன் அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள், ஆபீசர் முன்னால் கந்தலாக நின்றால் கடைசி லிஸ்டில் தள்ளிவிடுவார்களாம்.

அங்கே எங்களைப் பார்த்துப் பேசியது சௌம்யா என்று ஒரு பிள்ளை, உன் வயசுதான் இருக்கும், கன்னடத்துப் பிள்ளை, தமிழ் உடைந்து உடைந்து வந்தாலும் முகம் சுளிக்காமல் பேசியது. நாங்க இங்க சூரியனைத்தான் பாக்கிறோம், கல்லைப் பாக்கிறவங்க வேற ஊர்ல இருக்காங்க என்றது. உன் அம்மா சும்மா இருப்பாளா, சூரியன் எங்கயும் போயிரலையேம்மா, அதைப் பாக்க இத்தனை பேரு சம்பளத்துக்கா என்று கேட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு எங்களை உள்ளே கூட்டிப் போய்ச் சூரியனையே ஒரு வெள்ளை அட்டையில் விழவைத்துக் காட்டியது. அன்றைக்கு நல்லவேளையாக மேகம் கொஞ்சம் விலகியிருந்தது. தட்டு அகலத்துக்கு வெளிச்சம், அதில் அங்கங்கே கறுப்பாகப் பொட்டு. ஒவ்வொரு பொட்டும் நம் பூமியை விழுங்குகிற அளவு பெரிதாம். மகளே, இத்தனை வருடம் அதன் கீழே நின்று வேலை செய்திருக்கிறேன், அதன் முகத்தில் மரு இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. வந்த வேலையை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன், மாமாதான் என் முதுகில் இடித்தார்.

மாமா எங்கள் எல்லாருடைய அட்டையையும் வாங்கி மேஜைமேல் அடுக்கிவைத்து, எங்க காலனிக்கு எந்தப் பக்கம் எடம் ஒதுக்கியிருக்காங்க, மொத பேட்சில போறதுக்கு என்ன செய்யணும் என்று கேட்டார். சௌம்யாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அப்போதுதான் உன் அம்மா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். எம் பேரப்புள்ளைக்கு அன்னைக்குப் பதினாறு வயசும்மா, மஸ்கட்டுல இருக்கும், தாயோட சேத்து அனுப்புவீங்களா, இல்ல தனி அட்டை போட்டுப் பிரிச்சிருவீங்களா என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். உன் பெரியம்மாவை வயசு வந்த பிள்ளை என்று தனியாகக் கணக்கு வைத்து அந்த நாட்டிலேயே விட்டுவிட்டு, உன் அம்மாவையும் தாத்தாவையும் மட்டும் இந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் அல்லவா, அதை உன் அம்மா வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. அந்தக் கேள்வியை இத்தனை வருடமாக உள்ளேயே வைத்திருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமாதான், அந்த அட்டை என்ன, நாங்கள் எப்படி வந்தோம் என்று சௌம்யாவுக்கு எடுத்துச் சொன்னார், அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்தப் பிள்ளை எழுந்து வந்து உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது. யாரும் யாரையும் எங்கயும் அனுப்ப மாட்டாங்கம்மா, அந்தக் கல்லு நம்ம வழியிலயே வரலை என்றது. உன் அம்மாவுக்கு அது போதும், எனக்குப் போதாதே. எப்படிம்மா தெரியும், அன்னைக்கு வரும்னாங்க இன்னைக்கு வராதுங்கிறாங்க என்று கேட்டேன். அது சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன், நீயும் உன் கூட்டாளி நர்சுகளுக்குச் சொல். கொடைக்கானலில் இருந்து ஒரு பஸ் இறங்குகிறது. புறப்பட்ட கொஞ்ச நேரம் மட்டும் பார்த்தால் அது பழனிக்குப் போகிறதா வத்தலக்குண்டுக்குப் போகிறதா என்று சொல்ல முடியாது, இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. பெருமாள்மலை பிரிவு வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தால் தெரிந்துவிடும். அந்தக் கல்லை முதலில் கொஞ்ச நாள்தான் பார்த்திருந்தார்களாம், அதை வைத்துப் போட்ட கணக்கில் அது போகக்கூடிய பாதைகளில் ஒன்று பூமி மேல் இருந்ததாம். அதை ஒளித்துவைக்காமல் சொன்னார்கள், பேப்பர்காரர்கள் அதைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். பிறகும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்ததில் பாதை தெளிந்துவிட்டது, 2019 கணக்கில் இருந்து போய்விட்டது. 2060 என்று இன்னொரு தேதி இருந்ததாம், இந்த மாதத்தில் அதையும் எடுத்துவிட்டார்களாம். மாமா அதற்கு, நல்லதாப் போச்சு, அப்ப கடையைப் பாத்துக்க ஆள் இருந்திருக்காது என்றார்.

வானத்தில் இனிமேல் கல்லே இல்லை என்று அந்தப் பிள்ளை சொல்லவில்லை. எத்தனையோ இருக்கிறதாம், அவற்றைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்க ஆட்கள் இருக்கிறார்களாம். எனக்கு ஆறுதல் அதில்தான். இன்னொன்றும் என் மனதில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நாள் குறித்தவர்களே மறுபடி மறுபடி பார்த்து, நாங்கள் முதலில் சொன்னது அப்படி இல்லை என்று ஊரறியச் சொல்லி எடுத்துவிட்டார்கள். எங்களுக்குக் குறித்த நாளை அப்படி ஒருத்தரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. அதனால் எனக்கு அந்தப் பார்க்கிற ஆட்கள்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. உனக்குப் பிறக்கிற பிள்ளை இந்தப் படிப்பைப் படித்தால் என்ன என்று கூட வரும் வழியில் நினைத்தேன். படிப்பு என்றால் செலவு என்று மாப்பிள்ளை சொல்வார், அவரிடம் இப்போதே சொல்லிவைக்காதே.

ஜீப்பில் உன் அம்மா அட்டையை மடியிலேயே பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் அட்டையைப் பெட்டியில் வைத்தாள், பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள், அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நம் வீட்டு வாசல் உனக்கு ஞாபகம் இருக்குமே, மிளகாய், கறிவேப்பிலை, எலுமிச்சை எல்லாமே பாமாயில் டின்னிலும் பெயிண்ட் டின்னிலும்தான். சிலோனில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் உன் தாத்தா வைத்த பலா மரத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை என்று, வந்த நாளில் இருந்து அவள் தரையில் எதையும் ஊன்றியதில்லை. பட்டா கைக்கு வந்த பிறகும் ஊன்றவில்லை, கேட்டால், டின்னுன்னா எடுத்துட்டுப் போயிரலாமில்ல என்பாள். எஸ்டேட்டில் இருந்து நான் கொண்டுவந்த பேரிக்கன்றும் அப்படித்தான் டின்னில் நின்று வேர் சுருண்டு கிடந்தது. அந்த டின்னை அரிவாளால் கிழித்தாள். சமையல்கட்டுக்குப் பின்னால் குழி தோண்டச் சொன்னாள். இங்கதானா, நிச்சயமாகவா என்று கேட்டேன். எம் பேரப்புள்ளை ஏற வேண்டாமா, டின்னு மேலயா ஏறும் என்றாள். குழியில் கன்றை இறக்கிவிட்டு இரண்டு கையாலும் மண்ணைத் தள்ளினாள், அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு குழி ஆழம் பற்றாது என்று என்னைத் திட்டினாள். இப்போது பக்கத்து வீடுகளிலும் டின்னைக் கிழிக்கிற சத்தம் கேட்கிறது.

ஆகவே மகளே, நீ கேட்ட கேள்விக்கு எங்கள் பதில் அந்தக் கன்றுதான். தைரியமாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, கால் வீங்கினால் நைட் டூட்டி வேண்டாம் என்று எழுதிக் கொடு. ஏழாம் மாதம் முடிவதற்குள் மாப்பிள்ளை உன்னைக் கொண்டுவந்து விட வேண்டும், பிறகு பிளேனில் ஏற்ற மாட்டார்கள் என்று மாமா சொல்கிறார், மற்ற விஷயங்களில் எப்படியோ, பயண விஷயத்தில் அவர் சொன்னால் கேட்கலாம். டாக்டர் சீட்டை மறக்காமல் கொண்டு வா. வரும்போது எங்களுக்கு ஒன்றும் வாங்கி வராதே, உன் அம்மாவுக்கு மட்டும் ஒரு நல்ல கோடாலித் தைலம்.

அந்த 2019 பிப்ரவரி ஒன்றாம் தேதி பள்ளிக்கூடம் இருந்தாலும் லீவு போட்டுப் பிள்ளையை இங்கே அனுப்பிவிடு. அந்த மாசத்தில் காய் இருக்காது, பேரி பூக்கிற நேரம் அது. அன்றைக்கு அந்த மரத்தடியில் போய் நிற்கட்டும். என்ன விழுகிறது என்று தலையைத் தூக்கிப் பார்க்கட்டும், பூதான் விழும். நாங்கள் இருந்தால் கூட நிற்போம்.

மூன்று பேருக்கும் ஆண்டவர் துணை இருப்பார். உன் அம்மா உன் வயிற்றுக்கு ஒரு முத்தம் தனியாகச் சொல்லச் சொன்னாள்.

அன்பு அப்பா,
சூ. அருள்தாஸ்

கன்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நீ வந்ததும் அது உன் வேலை என்று உன் அம்மா எழுதச் சொல்லி நிற்கிறாள்.