டிக்கியில் பெட்ரோல் ஊற்றச் சொன்னவள் நான் இல்லை

அன்புள்ள பெரியவளுக்கு,

டிக்கிக்குள் பெட்ரோல் ஊற்றும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. போன புதன்கிழமை பெட்ரோல் பங்க்கில் என் மருமகளின் அண்ணன் எனக்குப் பின்னால் இரண்டு வண்டி தள்ளி நின்றிருக்கிறான். டிக்கி இரண்டு முறை திறந்து மூடியதைப் பார்த்தான், அவ்வளவுதான் அவன் பார்த்தது. மிச்சத்தை வீட்டுக்குப் போகும் வழியில் அவனே சேர்த்துக்கொண்டான். உன் சித்தி வரைக்கும் செய்தி போய், உனக்கும் வந்திருக்கும். நான் உடம்பில் குறை இல்லாமல் இருக்கிறேன், இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன்; நீ எழுதி இரண்டு மாதமாகிறது.

நடந்தது இதுதான். பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டில் இருந்தது. மறுநாள் வியாழன், காலை ஆறு மணிக்கு உன் அத்தையை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும். அதனால் வேறு வேலையை விட்டுவிட்டு பங்க்குக்குப் போனேன். ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இரண்டு கைப்பிடிகள் உண்டு, உனக்கும் தெரியும், ஒன்று பெட்ரோல் மூடிக்கு, ஒன்று டிக்கிக்கு. சரியான கைப்பிடியைத்தான் இழுத்தேன். மூடி அசையவில்லை. திரும்பவும் இழுத்தேன். பின்னால் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தார்கள், பெட்ரோல் போடுகிறவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு "நல்லா இழுங்கம்மா, நல்லா இழுங்க" என்று என்னவோ நான் கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அடுத்த கைப்பிடியை இழுத்துவிட்டேன், டிக்கி திறந்துகொண்டது. இறங்கிப் போய் மூடிவிட்டு வந்து உட்கார்ந்து, மறுபடியும் அதையே இழுத்தேன். பின்வரிசைக்காரர் ஒருவர் ஸ்க்ரூடிரைவரோடு நெம்ப வந்தார். பெயின்ட்டில் கீறல் விழும், வேண்டாம் என்று சொல்லிவிட்டு, முள்ளையே பார்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் எஞ்சினை அணைத்தேன்.

மெக்கானிக்குக்கு ஃபோன் செய்தபோது என் குரல் சரியாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். போன சர்வீஸில் கேபிளை நீங்கள்தான் கெடுத்துவிட்டீர்கள் என்று சொன்னேன். அந்த மனுஷன் மதியமே வந்தார். நான் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை இழுத்துப் பிடிக்க, அவர் வெளியே மூடியை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. பிறகு டிக்கியைத் திறந்து, பக்கவாட்டு அட்டையைக் கழற்றி, உள்ளே கையை விட்டுக் கேபிளையே பிடித்து இழுத்தார். இரண்டாவது இழுப்பில் மூடி டக்கென்று வந்தது. உள்ளே பார்த்தால் கீல், ஸ்பிரிங், பூட்டு முள் எல்லாவற்றிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாக இறுகிக் கிடந்தது. யாரும்மா இந்த வண்டிக்கு பாலீஷ் போடறது என்று கேட்டார். நான்தான், சனிக்கிழமை தவறாமல், என்றேன். அவர் என்னிடம் பல் தேய்க்கும் பழைய பிரஷ் ஒன்று வாங்கி வெந்நீர் விட்டுத் தேய்த்துக்கொண்டே, "கேபிள் நல்லாத்தான் இருக்கு, கவனிப்புதான் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார். புது ஸ்பிரிங் போட்டு எண்ணெய் விட்டுக் கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். அன்று மாலையே டாங்கை நிரப்பிவிட்டேன், வியாழக்கிழமை ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே ஆஸ்பத்திரியில் இருந்தோம். உன் அத்தை வழியெல்லாம், அண்ணி, மூடி தொறக்கலன்னா என்னையே டிக்கியில போட்டுத் தள்ளிட்டுப் போயிருப்பீங்களா என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போது மட்டும் என் கையை விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி வந்தான். நடந்ததை அப்படியே சொன்னேன், பாலீஷ் உட்பட. அவன் மெதுவான குரலில், குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி, "பாலீஷ் உள்ள போகும்னு கூடவாம்மா மறந்துட்டீங்க" என்று கேட்டான். வண்டியை வாங்க ஆள் பார்த்துவிட்டானாம். வண்டி உன் பெயரில் இருப்பதால் விற்பனைப் படிவத்தில் நீ கையெழுத்துப் போட வேண்டும், கூரியரில் உனக்கு அனுப்பிவிட்டான். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் வந்து சேர வேண்டுமே என்றுதான் விரைவுத் தபாலில் போடுகிறேன். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பயந்திருக்கிறான். அத்தைக்கு வாடகை வண்டி ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறான், ஆனால் திரும்பி வரும்போது அவளுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், நடுவழியில் வண்டியை நிறுத்தி முதுகைத் தடவிக்கொடுக்க எந்த ஓட்டுநர் இருக்கிறார்?

இனி எழுதப்போவதை நான் அவனிடம் சொல்லவில்லை, அத்தையிடமும் சொல்லவில்லை. பங்க்கில் இரண்டாம் முறை டிக்கி திறந்தது பதற்றத்தால் மட்டும் அல்ல. திரும்பி வந்து உட்கார்ந்தபோது குனிந்து அந்த இரண்டு கைப்பிடிகளையும் பார்த்தேன். எது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. மேலே படம் போட்டிருக்கிறது, அதையும் பார்த்தேன், அது என்ன படம் என்று புரியவில்லை. இருபத்திரண்டு வருஷமாக உட்காரும் இருக்கை. ஒரு நொடியோ இரண்டு நொடியோ, பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. ஹார்ன் சத்தத்தில் யாருக்கும் அப்படி ஆகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்க்கிறேன். கான்வென்ட்டில் சிஸ்டர் முன்னால் நின்று சொன்னபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை. இதுவரை ஒரு நாளும் தப்பவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். பரிசோதனையில் என்ன வருகிறதோ அதை ஒரு வார்த்தை குறைக்காமல் உனக்கு அனுப்புவேன். ஓட்டக் கூடாது என்று அவர் சொன்னால் அன்றே சாவியை உன் தம்பி கையில் கொடுப்பேன், நீ என்னைச் சமாதானப்படுத்தத் தேவையில்லை. ஆனால் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தவன் சொன்னதற்காக என் வண்டியை விற்கச் சம்மதிக்க மாட்டேன். டாக்டர் சொல்லும் வரை கையெழுத்துப் போடாதே.

அங்கே நீ ஓட்டும் வண்டியின் மூடியையும் ஒருமுறை திறந்து பார்த்து ஒரு சொட்டு எண்ணெய் விடு, பெட்ரோலைப் பாதி டாங்குக்குக் கீழே போக விடாதே. குழந்தையைக் குளிரில் காது மூடாமல் வெளியே அனுப்பாதே. உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம், எந்தக் குறையும் இல்லாமல் இருங்கள். ஃபோன் செய்யாதே, ஃபோனில் நீ அழுவாய், நான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவேன். கையெழுத்துப் போடுவாயா மாட்டாயா என்பதை உன் கைப்பட எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா