ஏழாம் கட்டில் சம்பந்தியைப் பார்க்க ஓர் ஆங்கிலச் சொல் வேண்டி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற தட்டச்சர்,
மருந்துக்கடை மாடி, இரண்டாம் தளம்,
ரயில் நிலையப் பின்தெரு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
நீண்டகாலப் பராமரிப்பு மருத்துவமனை,
இவ்வூர்.

பொருள்: பெண்கள் பிரிவு ஏழாம் கட்டில் நோயாளியைப் பார்க்க அனுமதி மறுக்கப்படுவது – கணினியில் எங்கள் உறவுக்கு ஆங்கிலச் சொல் இல்லாமை – நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் வரவேற்பறையில் நான் பலமுறை வாய்மொழியாகக் கெஞ்சியது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏழாம் கட்டிலில் இருப்பவர் என் சம்பந்தி ஆவார். தம் மகளை என் மகனுக்குக் கட்டிக்கொடுத்தவர். நாங்கள் இருவருமே கணவரை இழந்தவர்கள். ஒரே வீட்டில் வசித்து வந்தோம். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி வழியே வண்டி புறப்படும் நேரத்தை அறிவிக்கும் வேலை பார்த்தவர் அவர். வீட்டிலும் அதே குரல்தான். குழாய் ஒழுகினால் தெருமுனை வரை கேட்கும்படி அறிவிப்பார்.

2. அவர் பக்கவாதம் வந்து சமையலறையில் விழுந்தபோது உடன் இருந்தது நான். மருந்துக்கடைக்காரர் உதவியுடன் ஆம்புலன்ஸில் ஏற்றி வந்ததும் நான். அவசரப் பிரிவில் நீங்கள் யார், எவர் என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். தங்கள் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றிய பிறகுதான் பார்வையாளர் அட்டை இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்றும், அட்டை உறவினருக்கு மட்டுமே என்றும் தெரிவித்தார்கள்.

3. வரவேற்பறைப் பெண் மரியாதையானவர். அவர்மீது எனக்குப் புகார் இல்லை. கணினியை என் பக்கம் திருப்பி, “இதுல நீங்க எதும்மா?” என்று கேட்டார். உறவுகள் அத்தனையும் ஆங்கிலத்தில் இருந்தன. ஐயா, பணிக்காலம் முழுவதும் ஆங்கிலக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவள் நான். அதிகாரிகள் சொல்லச் சொல்ல அடித்துத் தள்ளியிருக்கிறேன். எனக்கென்று ஒரே ஒரு வார்த்தை தேவைப்பட்டபோது விரலும் ஓடவில்லை, வாயிலும் வரவில்லை. ‘பிரெண்ட்’ என்றேன். “பிரெண்டுக்கெல்லாம் அட்டை கிடையாதும்மா” என்றார். மறுநாள் ‘சிஸ்டர்’ என்று போடச் சொன்னேன். பெற்றோர் பெயர் பொருந்தவில்லை என்று கணினி என்னைப் பொய்க்காரி ஆக்கியது. அது பொய்தான், ஒப்புக்கொள்கிறேன்.

4. வீட்டில் இருந்த அகராதியைப் புரட்டினேன். மாமியாருக்குச் சொல் இருக்கிறது, மருமகளுக்கு இருக்கிறது, மைத்துனருக்கு இருக்கிறது. சம்பந்திக்கு இல்லை. கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் ஆங்கிலேயர் ஊரில் பெண்ணைப் பெற்றவளும் பிள்ளையைப் பெற்றவளும் கையைத் துடைத்துக்கொண்டு அவரவர் வழியே போய்விடுவார்களோ என்னவோ! கடைசியில் நானே யோசித்து, ‘டாட்டர்ஸ் மதர்-இன்-லா’, அதாவது மகளின் மாமியார் என்று சொற்களை முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தேன் என்பதையும் வெட்கத்தை விட்டுத் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. அந்தச் சொல் தங்கள் பட்டியலின் அடியில் இருக்கத்தான் செய்தது. ஆனால் மகள் நிரப்பி அனுப்பிய குடும்ப விவரத்தின்படி அந்த இடத்தில் ஏற்கெனவே வேறொரு அம்மாள் பதிவாகியிருந்தார். அவர் என் சம்பந்தியின் மகளுடைய இன்றைய கணவரின் தாயார். கடல் கடந்து வசிக்கிறார். என் சம்பந்தியை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. பாவம், அவரையும் நான் குறை சொல்லவில்லை.

6. ஆகவே மறைக்க ஒன்றுமில்லை. என் மகனும் அவர் மகளும் நீதிமன்றம் வழியே பிரிந்துவிட்டார்கள். இருவரும் வேறு திருமணம் செய்துகொண்டு வெவ்வேறு நாடுகளில் நன்றாக இருக்கிறார்கள். தீர்ப்பு வந்த பிறகு சில மாதங்கள் நானும் அவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. பிறகு ஒரு நாள் கையில் தலையணையும் பையுமாக மாடியேறி வந்து, “கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சது அதுங்க ரெண்டும். நாம எங்க சம்பந்தி போட்டோம்?” என்று கேட்டார். உள்ளே வாங்க என்றேன். அன்றிலிருந்து இங்கேதான் இருந்தார்.

7. இதை வரவேற்பறையில் சொன்னபோது, “அப்போ ‘எக்ஸ்’னு, முன்னாள்னு போடணும்மா, அதை சிஸ்டம் எடுக்காது” என்றார்கள். வெளிநாட்டிலிருந்து சம்பந்தியின் மகள் தங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். பட்டியலில் உள்ள உறவையே தேர்வு செய்யவும் என்று பதில் வந்ததாம். “அத்தை, நான் என்ன பண்ணட்டும்?” என்று தொலைபேசியில் அழுதாள். அவள் இன்னும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுகிறாள். என் மகனிடம் சொன்னேன். “அம்மா, அவங்க இப்ப நமக்கு என்னம்மா வேணும்?” என்றான். கணினி கேட்டால் பொறுத்துக்கொள்ளலாம், ஐயா. வயிற்றில் பிறந்தவன் கேட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

8. வீடு இப்போது சத்தமில்லாமல் கிடக்கிறது. டீ போட்டால் கை தானாக இரண்டு தம்ளரை எடுக்கிறது. மின்விசிறியை அணைக்கவில்லை என்று திட்ட ஆளில்லாமல் அது பாட்டுக்குச் சுற்றுகிறது. சில நாள் மருந்துக்கடைக்காரர் மீதிச் சில்லறை தரும்போது சொல்லும் “சரிங்கம்மா” மட்டுமே நான் கேட்கும் மனிதக் குரல். தனியாக இருப்பது எனக்குப் பழக்கம்தான் என்று முன்பெல்லாம் பெருமையடித்துக்கொள்வேன். இப்போது பயமாக இருக்கிறது.

9. நேற்று தங்கள் செவிலியர் ஒருவர் வேலை முடிந்து போகும்போது வாயிலருகே என்னைப் பார்த்து நின்றார். “ஏழாம் பெட் அம்மாவுக்குப் பேச்சு குழறுதும்மா. தெளிவா வர்றது ஒரே வார்த்தைதான். சம்பந்தி, சம்பந்தின்னு கதவையே பாத்துக் கூப்பிட்டுக்கிட்டிருக்காங்க. அது நீங்கதானா?” என்று கேட்டார். ஆமாம், நான்தான் என்றேன். ஐயா, தங்கள் கணினிக்குத் தெரியாத அந்த ஒரு வார்த்தைதான் அவருக்கு மிச்சம் இருக்கிறது.

10. எனவே தாங்கள் கருணை கூர்ந்து, எங்கள் உறவுக்குச் சரியான ஆங்கிலச் சொல் இருந்தால் தெரிவிக்குமாறும், இல்லையெனில் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் பதிந்து எனக்குப் பார்வையாளர் அட்டை வழங்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துகளை வேண்டுமானால் நானே வந்து பிழையில்லாமல் அடித்துத் தருகிறேன்.

11. இதற்கு மேலிடத்து உத்தரவு வர நாளாகும் என்பதை அறிவேன். அதுவரை ஒரு சிறு உதவி. நான் கோபித்துக்கொண்டு வராமல் இருப்பதாக அவர் நினைத்துவிடக் கூடாது. தினமும் பார்வை நேரம் முழுவதும் சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டிய பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது ஒருவர் ஏழாம் கட்டிலுக்குப் போய், “சம்பந்தி வெளியிலதான் இருக்காங்க” என்று அவர் காதில் சொன்னால் போதும். அதைச் சொல்ல அட்டை தேவைப்படாது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
ஏழாம் கட்டில் அம்மாவின் சம்பந்தி

இடம்: தங்கள் மருத்துவமனையின் வெளிவாயில்
நாள்: செவ்வாய்க்கிழமை, பார்வை நேரம் முடிந்த பின்