சாத்துக்குடித் தவக்காலம்

13.2.2001, செவ்வாய்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆறு வாரத்துக்கு மெல்லக் கூடாது, பேச முடியாது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. அதில் ஸ்ட்ராவை விட்டு உறிஞ்ச வேண்டும். தண்ணியாக இருந்தால்தான் உள்ளே போகும்.

வாந்தி வந்தால் உடனே கம்பியை வெட்டிவிடச் சொன்னார் டாக்டர். அப்பாவின் பூட்டுக் கடையிலிருந்து தம்பி பிராங்க்ளின் ஒரு கட்டிங் பிளேயர் கொண்டுவந்து என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறான். அதைக் கொடுக்கும்போது அவன் முகத்தில் கொஞ்சம் ஆசை தெரிந்தது.

இங்கே திண்டுக்கல் நாகல் நகரில் என் ஸ்கூட்டிக்குக் குறுக்கே வந்த நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையாம். விசாரித்துச் சொன்னார்கள். ரொம்ப நல்லது.

15.2.2001

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சாத்துக்குடியோடு வருகிறார்கள். எதிர்வீட்டு பேச்சாயி அக்கா மட்டும் ஒரு மாறுதலுக்கு முறுக்கு கொண்டுவந்தது. வாயைக் காட்டினேன். "பரவால்ல, பையில வச்சுக்க, வாய் தொறந்ததும் தின்னு" என்றது.

இந்த ஊரில் யார் படுத்தாலும் சாத்துக்குடிதான். யார் ஆரம்பித்து வைத்தார்களோ. எனக்கு அந்த வாசமே ஆகாது. சின்ன வயதில் டைபாய்டு வந்து கிடந்தபோது மாதக்கணக்கில் ஊற்றினார்கள். இன்னமும் சாத்துக்குடியை உரித்தால் எனக்குக் காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கும்.

எனக்குப் பிடித்தது பன்னீர் திராட்சை. தோலோடு கொதிக்கவைத்து வடிகட்டியது, ஐஸ் இல்லாமல். நான் பாடம் எடுக்கிற கம்ப்யூட்டர் சென்டருக்குக் கீழே முனீர் பாய் கடையில் போடுகிற மாதிரி. அன்னாசி நாக்கைக் கடிக்கும். சப்போட்டா குழந்தைக்கு ஊட்டுகிற கூழ். மாம்பழத்தைக் கடித்துத் தின்னாமல் குடிக்கிறவர்களை நான் நம்புவதில்லை.

சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 'சாத்துக்குடி வேண்டாம். திராட்சை.' அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிப் படித்துவிட்டு, "திராட்சை சளி பிடிக்கும். வந்த பழத்த என்ன செய்ய? குடி" என்றாள். பிழிந்த சக்கையை அடுப்படியில் நின்றபடியே சப்பிக்கொண்டிருந்தாள். எதையும் வீணாக்க மாட்டாள்.

18.2.2001, ஞாயிறு

பூசை முடிந்து நெய்க்காரப்பட்டியிலிருந்து அவர்கள் வந்தார்கள். பாஸ்கல், அவர் அம்மா. ஜனவரியில் நிச்சயம் ஆனது. ஈஸ்டர் கழித்து மே மாதம் கல்யாணம். அவருக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி. நிச்சயத்தன்று தனியாகக் கொஞ்ச நேரம் பேசினோம். வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும்தான்.

முக்கியமானதைச் சொல்லவில்லை. சென்டர்காரர் பழனியில் ஒரு கிளை திறக்கிறார், அதை நீயே பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நெய்க்காரப்பட்டியிலிருந்து பழனி பக்கம்தானே. அடுத்த தடவை பேசும்போது சொல்லலாம் என்றிருந்தேன். நாய்க்கு அவசரம்.

இவரும் ஒரு பை நிறைய சாத்துக்குடி. அம்மா அப்போதே பிழிந்து கொண்டுவந்தாள். பாஸ்கல் என் அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார், "இவங்களுக்குப் பிடிக்குமுங்களா?"

"எங்க ஜெஸ்ஸிக்கு சாத்துக்குடின்னா உசுரு" என்றாள் அம்மா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? கையில் சிலேட்டு இருந்தது. ஆனாலும் கல்யாணம் ஆகப்போகிறவர் முதல் முதலாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று எப்படி எழுதுவது?

20.2.2001

பாதி டம்ளரை ரோஜாச் செடிக்கு ஊற்றினேன். அதுவும் வாடுகிறது.

28.2.2001, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்த அம்மா, "தவக்காலம் ஆரம்பிச்சிருச்சு. ஒறுத்தல்னு நெனச்சுக் குடி" என்று டம்ளரை நீட்டினாள். ஊர் உலகமெல்லாம் கறி மீனை விட்டு ஒறுத்தல் செய்கிறது. நான் மட்டும்தான் ஜூஸ் குடித்து ஒறுத்தல் செய்கிறேன்.

4.3.2001, ஞாயிறு

மறுபடி வந்தார்கள். இந்த முறை பேச்சு கல்யாணத்தைப் பற்றி. மண்டபம், சமையல், கோயிலில் கல்யாண ஓலை எந்த ஞாயிறு வாசிப்பது. அதெல்லாம் சரிதான். நடுவில் அவர் அம்மா சர்வ சாதாரணமாகச் சொன்னார்கள்: "கல்யாணத்துக்குப் பொறவு அந்தக் கம்ப்யூட்டரெல்லாம் எதுக்குங்க சம்பந்தியம்மா. மண்டிக்கு விடியக்கருக்கல்ல கெளம்பற மனுசன். ஊட்டுல ஆள் வேணுமில்ல."

அம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அவளே விட்டுர்றேன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா" என்றாள்.

நான் எப்போது சொன்னேன்?

சிலேட்டை எடுத்து எழுதினேன்: 'நான் வேலைக்குப் போவேன்.' பெரிய எழுத்தில். பாஸ்கல் பக்கம் திருப்பப் போனேன். அதற்குள் அம்மா எழுந்து வந்து, காலி டம்ளரை எடுக்கிற மாதிரி குனிந்து, சேலைத் தலைப்பால் சிலேட்டைத் துடைத்துவிட்டாள். சிரித்துக்கொண்டே துடைத்தாள். "எப்பப் பாரு கிறுக்கிக்கிட்டே இருப்பா" என்று அவர்களிடம் சொன்னாள்.

பாஸ்கல் சிலேட்டைப் பார்த்தார். வெறும் கறுப்புப் பலகை. டம்ளரைப் பார்த்தார். அதில் முக்கால்வாசி சாத்துக்குடி அப்படியே இருந்தது. காலி டம்ளரை எடுக்கத்தான் வந்தாள் அம்மா!

5.3.2001

ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. காலைல சிலேட்டுல 'ஏன் அழிச்ச?'ன்னு எழுதி அம்மா மூஞ்சிக்கு நேரா நீட்டுனேன்.

"ஆத்தூர் சம்பந்தம் எதுனால போச்சு? உன் வாயாலதான். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே சட்டம் பேசுன. வாயாடின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுப் போனாங்க. மூணு வருசம் ஒருத்தன் வரல. இப்ப ஆண்டவரே கட்டி வச்சிருக்காரு. கல்யாணம் வரைக்கும் அப்படியே இரு."

ஆண்டவரா கட்டுனாரு? மதுரை டாக்டர் கட்டுனாரு. அவரும் ஆறு வாரத்துக்குத்தான் கட்டுனாரு.

அழுதா மூக்கு அடைக்குது. மூக்கு அடைச்சா மூச்சு விட முடியல. அழக்கூட வழி இல்லாம வச்சுட்டாங்களே. இப்படியே போய் அந்த வீட்டுல உக்காந்துக்கிட்டு, எல்லாத்துக்கும் தலைய ஆட்டிக்கிட்டு — அதுக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம். நிஜமாத்தான் எழுதுறேன்.

10.3.2001, சனி

மார்க்கெட் லீவு என்று பாஸ்கல் தனியாக வந்தார். கையில் ஒரு பிளாஸ்க். அம்மா டம்ளர் எடுத்துவர உள்ளே போனாள். அவர் பிளாஸ்க் மூடியிலேயே ஊற்றி ஸ்ட்ராவைப் போட்டுக் கொடுத்தார். கறுப்பும் சிவப்புமாகத் திராட்சை. ஐஸ் இல்லை. முனீர் பாய் கையால் போட்டது, வாசத்திலேயே தெரிந்துவிட்டது. மூச்சு விடாமல் உறிஞ்சி முடித்தேன். கடைசியில் சர்ரென்று சத்தம் வேறு. வெட்கமாகத்தான் இருந்தது.

நேற்று சென்டருக்குப் போயிருந்தாராம். உளவு பார்க்கவா என்று எனக்குச் சுருக்கென்றது. சிலேட்டில் 'எதுக்கு?' என்று எழுதினேன்.

"அன்னைக்கு டம்ளர் கொறையவே இல்லீங்களே. உசுரான ஜூஸ யாராவது அப்படி வைப்பாங்களா? அதான் விசாரிக்கலாம்னு" என்றார். கீழே முனீர் பாய் சொன்னாராம், சாத்துக்குடி பிழிகிற நேரத்தில் டீச்சரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடிவிடும் என்று. சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சாத்துக்குடி மாதிரி வேற எதெல்லாம் உங்களுக்குப் புடிக்கும்னு அத்தை சொல்லியிருக்காங்க?"

சிலேட்டை எடுத்தேன். வேலை, பழனி கிளை, நான் ஒருபோதும் விட்டுவிடுகிறேன் என்று சொல்லாதது, எல்லாம் எழுதினேன். இடம் பற்றாமல் அழித்து அழித்து எழுதினேன். அம்மா டம்ளரோடு வந்து கதவருகில் நின்றாள். இந்த முறை நானேதான் அழித்தேன், அவர் படித்த பிறகு.

"எனக்கு இதுல ஒண்ணும் இல்லீங்க. ஆனா எங்கம்மாகிட்ட நான் சொன்னா, இப்பவே பொண்டாட்டி பேச்சுன்னு ஆயிப்போகும். கம்பி எடுத்ததும் நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

11.3.2001

இது தைரியமா, கோழைத்தனமா? நேற்று தைரியமாகத் தெரிந்தது. இன்று யோசித்தால் இவர் அம்மாவிடம் இவரே பேச மாட்டாராம், தாடை உடைந்தவள் பேச வேண்டுமாம். திராட்சை வாங்கி வந்துவிட்டால் ஆச்சா?

ஆனாலும் கேட்டாரே. என்னைப் பார்த்துக் கேட்டாரே.

22.3.2001

கம்பி எடுத்தாயிற்று. வாய் ஒரு விரல் அகலம்தான் திறக்கிறது. குரல் யாருடையதோ மாதிரி இருக்கிறது. டாக்டர் ஏதாவது பேசுங்கள் என்றார். "சாத்துக்குடி வேண்டாம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பிராங்க்ளின் ஆஸ்பத்திரி என்றும் பாராமல் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

25.3.2001, ஞாயிறு

அவர்கள் வந்தார்கள். காலையிலேயே அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, இன்னைக்கு மட்டும் பேசாம இரு என்று கெஞ்சினாள். அதட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

எல்லாருக்கும் அம்மா ஜூஸ் வைத்தாள். அவர் அம்மா டம்ளரைக் கையில் எடுத்ததும் ஆரம்பித்தேன். வார்த்தை பாதி பாதியாகத்தான் வந்தது.

"அத்தை, நான் வேலைய விடல. பழனில கெளை தொறக்குறாங்க. அங்க போவேன். அம்மா சொன்னது என் முடிவு இல்ல."

அவர் அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். குடிக்கவில்லை. அப்பா கூரையைப் பார்த்தார். நான் பாஸ்கலைப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. ஜன்னல் ஓரத்து நாற்காலியிலிருந்து அவர் எழுந்து வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பது மட்டும் தெரிந்தது.

"எனக்கு முன்னாடியே தெரியுமுங்கம்மா. எனக்குச் சம்மதந்தான்" என்றார்.

பக்கத்தில் இருக்கிறேன் என்றவர் பேசவும் செய்துவிட்டார். அவர் அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்தார்கள். டம்ளர் அப்படியே இருந்தது.

31.3.2001

பதில் இல்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை. சோற்றைக் குழைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இப்போது ஊமையாக இருப்பது அவள் முறை போலிருக்கிறது.

8.4.2001, குருத்து ஞாயிறு

அம்மா கோயிலில் ரொம்ப நேரம் முட்டி போட்டிருந்தாள். முதுகைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொன்னது சொன்னதுதான்.

17.4.2001

ஈஸ்டர் முடிந்தது. காலையில் போன். அம்மா எடுத்தாள். நெய்க்காரப்பட்டி என்றதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, அந்தப் பழனி கம்ப்யூட்டரு காலைல எந்நேரத்துக்குத் தொறப்பாங்க? அதுக்குத் தக்கன சமைக்கணுமில்லீங்க" என்றது குரல்.

அவ்வளவுதான். சம்மதம் என்ற வார்த்தையே வரவில்லை. அம்மா ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

பேச்சாயி அக்கா கொடுத்த முறுக்கு நமுத்துப் போயிருந்தது. தின்றேன்.

18.8.2001, சனி

கல்யாணத்துக்குப் பிறகு இந்த நோட்டைத் தொடவே நேரமில்லை. காலை பஸ், பழனி, சாயங்காலம் பஸ். அத்தை முணுமுணுத்துக்கொண்டேதான் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார்கள். கட்டிக் கொடுக்கிறார்களே.

இன்று அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டத் திண்டுக்கல் வந்தோம். காட்டிவிட்டு மூன்று பேரும் முனீர் பாய் கடையில் உட்கார்ந்தோம். டீச்சரம்மாவுக்கு என்னன்னு தெரியும் என்று சொல்லிவிட்டு பாய் பாஸ்கலிடம் கேட்டார். அவருக்கு உப்புப் போட்ட அன்னாசி. பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்கு ஒண்ணும் வேண்டாம் பாய். வெளிய எதும் குடிக்காது" என்றேன்.

பாஸ்கல் என்னைப் பார்த்தார். நான் சொன்னது என் காதில் அப்போதுதான் விழுந்தது.

"என்னம்மா குடிக்கிற?"

"உனக்கு என்னமோ அதையே சொல்லு."

"எனக்கு இருக்கட்டும். உனக்கு என்ன வேணும்?"

அம்மா கடையில் அடுக்கியிருந்த பழங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் பாயிடம் கேட்டாள், "சாத்துக்குடி இருக்கா?"

அந்த ஆறு வாரமும் பை பையாகப் பிழிந்தாளே, தனக்கென்று ஒரு டம்ளர் ஊற்றியிருப்பாளா? சக்கையைத்தானே சப்பிக்கொண்டு நின்றாள். நான் ரோஜாச் செடிக்கு ஊற்றியிருக்கிறேன்.

அம்மா டம்ளரைக் கீழே வைக்காமல் ஒரே மூச்சில் குடித்தாள். கடைசிச் சொட்டுக்கு டம்ளரைச் சாய்த்துப் பார்த்தாள்.

"பாய், இன்னொண்ணு" என்றேன். வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை.

பாய் பிழிய ஆரம்பித்தார். அதே வாசம்தான், அதே காய்ச்சல் வாசம். மாடிக்குப் போகாமல் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.