மூலை சீட்டில் கிழிந்த படம்

இன்று மாலையும் திரை சிமிட்டியது. மணலி ஆலைகள் பக்கமிருந்து அந்த அழுகிய முட்டை வாடை வந்ததால் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, குழந்தையை மடியில் கிடத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் ஓர் இருட்டுச் சுரங்கத்துக்குள் நுழைந்தது. திரை ஒரு கணம் வெளிறி, மங்கி, மறுபடியும் வெளிறியது. மடியில் இருந்தவளும் கண்ணைச் சிமிட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் ஞாபகம் வந்தது. கூடவே அந்த கேமிங் சென்டர்காரன் முகமும் வந்து, அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது.

நீ போன பிறகு நான் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவளாகிவிட்டேன், தெரியுமா? குழந்தை தும்மினால் பயம், தும்மாவிட்டால் அதுவும் பயம். தூங்குகிறவளின் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். இந்தத் திரை முதன்முதலாகச் சிமிட்டிய அன்று, பிள்ளையின் கண் போய்விடும் என்றே முடிவு கட்டிவிட்டேன். அதை வாங்கி வந்த வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். “செகண்ட் ஹேண்ட்ல வாங்காதீங்கன்னு சொன்னேனா இல்லியா?” அவர் பாவம், “கேமிங் மானிட்டர்மா, நீ ஆசையா ஆடுவியேன்னுதான்...” என்று இழுத்தார். பயத்தில்தான் அதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். “உன் இன்ஜினியரிங் டிகிரி சுத்த தண்டம் மச்சி” என்பாயே, அந்தத் தண்டம் அன்றைக்கு உதவியது.

விஷயம் இதுதான். சாதாரணத் திரை மாநகரப் பேருந்து மாதிரி. நீ ஏறினாயா என்று பார்க்காது, தன் நேரத்துக்குக் கிளம்பிவிடும். உனக்கு ஒரு கால் படியில், ஒரு கால் ரோட்டில். படம் கிழிவது என்கிறோமே, அது இதுதான். மேல்பாதியில் பழைய படம், கீழ்ப்பாதியில் புதியது. அடாப்டிவ் சிங்க் உள்ள திரையோ தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோ மாதிரி. அடுத்த படம் தயாராகி வந்து ஏறும்வரை நிற்கும். ஆனால் அதன் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. நொடிக்கு நாற்பத்தெட்டுப் படங்களுக்குக் கீழே போனால் அதனால் நிற்க முடியாது. அப்போது என் வீட்டுத் திரை ஒரு தந்திரம் செய்கிறது. வந்த படத்தையே இரண்டு முறை காட்டிச் சமாளிக்கிறது. ஆட்டம் நாற்பதுதான் கொடுக்கும், திரையின் மெனுவைத் திறந்தால் எண்பது என்று ஓடும். படம் கிழியாது. அந்த எல்லையில் ஏறி இறங்கும்போது மட்டும் வெளிச்சம் கொஞ்சம் தள்ளாடும். நான் பயந்த சிமிட்டல் அவ்வளவுதான்.

ஆனால் இப்படி இரட்டிப்பாக்க மேலே இடம் வேண்டும். நொடிக்கு எழுபத்தைந்தோடு முடிந்துபோகிற திரையால் நாற்பதை எண்பதாக்க முடியாது. அது கையை விரித்துவிடும். படம் கிழியும், இடறும், ஆடுகிறவர் குருடாவார். இதைப் படித்த இடத்தில் நான் அப்படியே நின்றுவிட்டேன். குழந்தை அழுததுகூடக் காதில் விழவில்லை. எனக்கு ராயபுரத்து மூலை சீட் தெரிந்தது.

மீன்வலைக் கடைக்கு மேல் மாடியில் அவனுடைய கேமிங் சென்டர். நீ எண்ணூர் கன்டெய்னர் யார்டில் பில் போட்டுவிட்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக அங்கே வருவாய். வழியில் வாங்கிய பர்மா நூடுல்ஸான அத்தோவை நின்றபடியே தின்றுவிட்டு, துப்பட்டாவில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மவுசைத் தொடுவாய். உன் கை இருக்கிறதே! மேசையிலிருந்து உருண்ட டம்ளரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பிடித்தவள் நீ. பையன்கள் முதலில் கேலி செய்தார்கள், அப்புறம் உன் பின்னால் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் போட்டியில் யார் ஜெயித்தாலும் கடைசியாக ஓனரோடு ஓர் ஆட்டம் ஆட வேண்டும். அவன் முதல் சீட்டில், ஜெயித்தவர் மூலை சீட்டில். ‘சலாம் மேட்ச்’ என்று அதற்குப் பேர். அதில் அவனை யாரும் ஜெயித்ததில்லை. “அண்ணன் கையில மிஷின் கீதுப்பா” என்பார்கள். நாமும் நம்பினோம்.

அந்த ஞாயிறு எல்லோரையும் நீ வீழ்த்தினாய். சலாம் மேட்ச் தொடங்கியதுமே அவன் புகைக்குண்டு வீசினான். திரையெல்லாம் புகை. நான் உன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். “மச்சி, இன்னாடி இது, படம் பிச்சிகினு போவுது” என்றாய். நீ சுடுவதற்குள் சுட்டுவிட்டான். மறுபடி புகை, மறுபடி நீ காலி. அவன் மைக்கைப் பிடித்தான். “இன்னா பாப்பா, கையில மருதாணி இன்னும் காயலியா?” மாடியே சிரித்தது.

அதோடு விட்டானா? நீ தோற்றதை வீடியோவாக்கி, ‘கிச்சன் ஸ்பீடு’ என்று தலைப்பு வைத்து அனுப்பினான். எர்ணாவூரிலிருந்து பாரிமுனை வரை அது போகாத போன் இல்லை. யார்டில் லாரிக்காரர்கள்கூட, “இன்னா கிச்சன் ஸ்பீடு, பில்லு ரெடியா?” என்று கேட்டார்கள். நீ அந்த மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாய். ஒருநாள் காசிமேட்டுக் கல்சுவரில் உட்கார்ந்து உன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “மெய்தான் மச்சி. என் கை ஸ்லோதான்.”

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாய்.

அந்தக் காய்ச்சலுக்கு அவன் காரணமில்லை. அதுகூடத் தெரியாத பைத்தியமில்லை நான். ஆனால் உன் கை மெதுவானது என்று நம்பிக்கொண்டே போனாயே, அதற்கு அவன்தான் காரணம். அதை மட்டும் அவனுக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அன்று தீர்மானித்தேன்.

வாய்ப்பை அவனே கொண்டுவந்து கொடுத்தான். கடையில் கூட்டம் குறைந்திருந்தது போல. உன் நினைவுத் திருப்பலி நடக்கிற வாரமாகப் பார்த்து, உன் பேரில் ஒரு கோப்பைப் போட்டி அறிவித்தான். பேனரில் உன் படம், கீழே ‘எங்கள் கடையின் தங்கமகள்’. எனக்கு போன் செய்தான். “தங்கச்சி, சலாம் மேட்ச்ல நீ வந்து ஆடு. அவ தோஸ்துல்ல. சும்மா, ஃபன்னுக்கு. அவங்க அம்மாவையும் இட்டுனு வா, நாலு பேர் பாத்தா நல்லா கீது.” நல்லது அண்ணே, வருகிறேன் என்றேன். குரல் தேன் மாதிரி வந்தது. எனக்கே ஆச்சரியம்.

முந்தின நாள், ஏற்பாட்டைப் பார்க்கிற சாக்கில் போனேன். மூலை சீட்டுக்கு மேலே உன் போட்டோவை மாட்டி, சாமந்தி மாலை போட்டு, ‘அவள் அமர்ந்த இருக்கை’ என்று எழுதி வைத்திருந்தான். அவன் வாசலில் ஸ்பீக்கர்காரரோடு கத்திக்கொண்டிருந்த நேரம் பார்த்து அந்த மானிட்டரின் மெனுவைத் திறந்தேன். உச்சம் எழுபத்தைந்து. முதல் சீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அதன் உச்சம் நூற்று நாற்பத்து நான்கு. கணினிகள் இரண்டும் ஒன்றுதான். புகை வந்தால் அதை வரையத் திணறி இரண்டும் நாற்பதுக்கு இறங்கும். ஒன்று தாங்கும், ஒன்று கிழியும். மெனுவை மூடினேன். அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

போட்டியன்று உங்கம்மா முன்வரிசையில், மடியில் என் மகள். ஸ்பீக்கர் சத்தத்துக்குப் பயந்து அவள் காதில் பஞ்சு வைத்திருந்தேன். சலாம் மேட்ச் என்று அறிவித்ததும் நேராகப் போய் முதல் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

“அய்ய, அது என் சீட்டும்மா. உனக்கு அங்க.”

மைக்கை வாங்கினேன். “அண்ணே, அவ சீட்ல நான் உக்காந்தா அழுதுருவேன். நீங்க உக்காருங்க. அவளுக்கு நீங்க குடுக்கிற மரியாதை அதானே?”

உங்கம்மா தலையசைத்தார். கூட்டம் கைதட்டியது. அவன் மூலை சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் வற்றியதைக் கண்டேன். அவனுக்குத் தெரியும். அன்றும் தெரிந்துதான் உன்னை அங்கே உட்கார வைத்தான். எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. தன் கையால் மாட்டிய மாலைக்குக் கீழே போய் உட்கார்ந்தான்.

நான் புகை வீசினேன். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீசினேன். என் திரையில் அது பால் பொங்குகிற மாதிரி மெல்ல எழுந்தது. அதற்குள் அவன் தடுமாறுவது தெரிந்தது. சுவரைச் சுட்டான், தரையைச் சுட்டான். நான் நிதானமாக நடந்துபோய் அவனைச் சுட்டேன். அடுத்த சுற்று, மறுபடி புகை. “டேய், இன்னாடா இது, டேய்!” என்று அவன் யாரையோ திட்டுவது ஸ்பீக்கரில் கேட்டது. நான் மைக்கில் கேட்டேன்: “இன்னா அண்ணே, மருதாணி காயலியா?”

மாடி அதிர்ந்தது. சிரிக்கட்டும் என்றுதான் கேட்டேன். நன்றாகச் சிரித்தார்கள்.

ஹெட்செட்டைப் பிடுங்கி வீசிவிட்டு எழுந்தான். “இந்த சீட்ல எவனாலயும் ஆட முடியாதுபா! புகை வந்தா படம் கிழியும். எனக்குத் தெரியாதா? கலீஜ் மானிட்டர் இது!”

சிரிப்பு நின்றுவிட்டது. பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்: “அப்ப ஜெயிச்சவன எல்லாம் அங்கதான உக்கார வெச்ச, நைனா?”

அவன் தான் வீசிய ஹெட்செட்டைக் குனிந்து பொறுக்கினான். உங்கம்மா என் மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து வந்தார். அவர் கேட்டது என்னை மட்டும்தான். “அப்ப எம் பொண்ணு கை ஸ்லோ இல்லியா?”

“இல்ல ஆன்ட்டி. என்னிக்குமே இல்ல.”

பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, மூலைக்குப் போய் உன் போட்டோவை மாலையிலிருந்து உருவி எடுத்தார். “இவ இங்க இருக்க வாணாம்” என்று முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவன் கத்தியதைக் கூட்டத்தில் பலர் படம் பிடித்திருந்தார்கள். அது எங்கெல்லாம் போனது என்று சொல்லவா வேண்டும்? மறுவாரம் அவனே போன் செய்தான். “இதோட விட்ரும்மா. பொயப்பு கீது, குடும்பம் கீது.”

“அவளுக்கும் இருந்திச்சு அண்ணே.”

“உனக்கு இன்னாதான் வேணும்?”

போனை வைத்துவிட்டேன். எதிர்வீட்டு அக்கா சொல்கிறார், இவ்வளவு கோபத்தோடு பிள்ளைக்குப் பால் கொடுக்காதே, ஜெயித்தாகிவிட்டதே என்று. வீட்டுக்காரரும் அதையேதான் வேறு வார்த்தையில் சொல்கிறார். நான் தலையாட்டுகிறேன். ஆனால் என்னிடம் இருக்கிற அத்தனை பயங்களுக்கும் நடுவில் பயமே இல்லாமல் இருக்கிற ஒரே பொருள் இந்தக் கோபம்தான். அதை எடுத்து யாரிடம் கொடுப்பது?

நேற்று மறுபடியும் அழைத்தான். மூலை சீட்டுக்குப் புது மானிட்டர் போட்டுவிட்டானாம், முதல் சீட்டில் இருப்பது மாதிரியே. ஆனால் பையன்கள் நம்ப மாட்டேன் என்கிறார்களாம். நான் ஒருமுறை வந்து அவனோடு ஆடிக் காட்டினால் கடையின் பேர் மீளுமாம். கெஞ்சினான். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். குழந்தை தூங்குகிற நேரமெல்லாம் பழகிக்கொண்டிருக்கிறேன், சத்தத்தை அணைத்துவிட்டு. அன்றைக்கு நான் புகை வீசப் போவதில்லை. எந்த சீட் வேண்டுமோ அவனே எடுத்துக்கொள்ளட்டும். படம் கிழியாது, இடறாது, சாக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. தோற்றுவிட்டு வீட்டுக்குப் போய், விளக்கடியில் உட்கார்ந்து, அவன் தன் விரல்களை விரித்துப் பார்க்க வேண்டும்.